பிறந்த தெருவில் பேச ஆளில்லை

கேள்வி:

எனக்கு வயது 35. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வெண்ணாற்றங்கரைக் கிராமம். படிப்பு முடிந்ததும் சென்னைக்கு வேலைக்குப் போனேன். மூன்று வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் பேசினால் புரிந்துகொள்கிறார். அம்மா இல்லை. அண்ணன் குடும்பத்துடன் சிங்கப்பூரில் இருக்கிறார், மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார். ஆறு மாதம் பார்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். இப்போது வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி குறைந்த சம்பளத்தில் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன்.

சென்னையில் ஒருவரை ஏழு வருடமாக விரும்புகிறேன். வேறு சாதி. வீட்டில் யாருக்கும் தெரியாது. போன மாதம் அவர், “எத்தனை வருஷம்னாலும் காத்திருக்கேன். எதுக்குக் காத்திருக்கேன்னு மட்டும் சொல்லு” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஊரில் எல்லோரும் புகழ்கிறார்கள். “ஆம்பளப் புள்ள செய்யாதத இந்தப் பொண்ணு செய்யுது” என்கிறார்கள். அத்தை ஒருவர் மட்டும், வீட்டை எழுதி வாங்கத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. கூடப் படித்தவர்கள் யாரும் இங்கே இல்லை. பிறந்து வளர்ந்த தெருவிலேயே வெளியூர்க்காரி போல இருக்கிறது. ராத்திரி அப்பா தூங்கினபின் காரணமில்லாமல் அழுகை வருகிறது. பொங்கலுக்கு வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். அப்பாவை விட்டுப் போனால் பாவம். அந்த மனிதரை விட்டுவிட்டால் எனக்கென்று எதுவும் மிச்சமில்லை. எதை விடுவது?

– பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை உங்களிடம் யார் கேட்டார்கள் என்று கடிதத்தில் தேடிப் பார்த்தேன். அப்பாவை விட்டுவிட்டு வா என்று சென்னையில் இருப்பவர் சொன்னதாக ஒரு வரி இல்லை. காதலை விட்டுவிடு என்று அப்பா சொல்லவில்லை, அவருக்கு விஷயமே தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. மூன்று பேருக்காகவும் நீங்களே பேசி, நீங்களே மறுத்து, தீர்ப்பும் நீங்களே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று வருடமாக இந்த வழக்கு உங்கள் தலைக்குள் மட்டுமே நடக்கிறது. ஊரில் நீங்கள் தனியாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் பக்கத்துக் கிராமங்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் நடமாட்டம் தெரியும், அப்புறம் பாதித் தெரு பூட்டிக் கிடக்கும். பையன்கள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், வளைகுடா. பெண்கள் கல்யாணமாகிப் போன ஊர்களில். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் உங்கள் அப்பா வயதுக்காரர்கள். முப்பத்தைந்து வயதில் கல்யாணம் ஆகாமல் அங்கே திரும்பி வருகிற பெண்ணுக்குப் பேச்சுத் துணை இல்லாமல் போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அது உங்கள் குறை இல்லை.

ஆனால் இது பாதிக் காரணம்தான். அந்த ஊரில் எல்லோருக்கும் உங்களைத் தெரியும். இன்னார் மகள், எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை மார்க்கு, அம்மா எப்போது தவறினார், எல்லாம் தெரியும். உங்கள் வாழ்க்கையின் முக்கியமான ஏழு வருடம் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. மளிகைக் கடையில் “அப்பா எப்படி இருக்காரு?” என்று கேட்கிறார்கள், “அப்படியேதான் இருக்காரு” என்கிறீர்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் எங்கே போய் நிற்குமோ என்ற பயத்தில் நீங்களே எல்லோரிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டிருப்பீர்கள். எதையாவது மறைத்துக்கொண்டே இருக்கிறவர் நூறு பேர் நடுவில் இருந்தாலும் தனிதான். நாளைக்கே உங்கள் பள்ளித் தோழிகள் நாலு பேர் ஊருக்குத் திரும்பி வந்தாலும் இந்தத் தனிமை முழுசாகத் தீராது.

ஊரின் புகழ்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர் நல்ல மனதோடுதான் புகழ்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புகழ்ச்சி ஒரு வேலை செய்கிறது. தங்கமான பெண் என்று பேர் வாங்கியவர் “எனக்கு முடியல” என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. இரண்டு நாள் யாராவது வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க முடியாது. அண்ணன் செய்யாததை நீங்கள் செய்வதாகப் பாராட்டுகிறவர்கள், அண்ணன் ஏன் செய்யவில்லை என்று அவரிடம் ஒருநாளும் கேட்கப்போவதில்லை. மகன் பணம் அனுப்பினால் கடமை முடிந்தது, மகள் ராத்திரி பகல் பார்த்தால்தான் கடமை என்று நம் ஊர் கணக்கு வைத்திருக்கிறது. இந்தக் கணக்கு எனக்கு ஒப்பாது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம்கூட மகன், மகள் என்று பிரிக்கவில்லை, இருவர் மேலும் ஒரே பொறுப்பைத்தான் வைக்கிறது. அண்ணன் மேல் வழக்குப் போடச் சொல்லி இதைச் சொல்லவில்லை. அவரிடம் கேட்பதற்கு உங்களுக்கு உள்ள கூச்சம் கொஞ்சம் குறையட்டும் என்றுதான்.

அத்தை சொன்னதாகக் காதில் விழுந்ததை விட்டுத்தள்ளுங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் கொண்டுவந்துவிட்டது. அதை வாங்க நீங்கள் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டு மூன்று வருடம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் உடம்பு. ராத்திரி அழுகை வருகிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றேன். தூக்கம் எப்படி இருக்கிறது? பசிக்கிறதா? முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்காமல் போயிருக்கிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் இப்படி இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவம் உள்ள ஒரு நோய். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். அவ்வளவு தூரம் போக இப்போது வழியில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். செத்துப்போனால் தேவலை என்ற மாதிரி எண்ணம் ஒரு தடவை வந்திருந்தால்கூட இன்றைக்கே அழையுங்கள், இந்தப் பதிலின் மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம். மூன்று வருடமாகச் சரியாகத் தூங்காத ஒருவர் காதலைப் பற்றி எடுக்கிற முடிவை நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்பாதீர்கள். களைப்பில் இருக்கும்போது எல்லாவற்றையும் விட்டுவிடுவதுதான் நியாயம் என்று தோன்றும்.

அதனால் முதலில் அப்பாவின் தேவைகளை உட்கார்ந்து எழுதுங்கள். ‘அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று மொத்தமாகச் சொல்லும்போது அதற்கு அளவே தெரிவதில்லை. இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, கை கால் பயிற்சி, மாத்திரை, ரத்த அழுத்தம் பார்ப்பது, டாக்டரிடம் கூட்டிப்போவது, பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவது. எழுதிப் பார்த்தால், மகள் கைதான் வேண்டும் என்கிற வேலை இதில் கொஞ்சம்தான் என்று தெரியும். மற்றதைப் பழகிய வேறு கைகள் செய்யலாம். சொல்லப்போனால் ஒரு ஆணைக் குளிப்பாட்ட ஆண் துணை இருந்தால் அப்பாவுக்கே கூச்சம் குறையும். இதை எத்தனையோ அப்பாக்கள் சொல்லாமல் விழுங்கிக்கொள்கிறார்கள், உங்கள் அப்பாவுக்குச் சொல்லவும் வழியில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவாகியும் ஆள் வராவிட்டால் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

பகலில் ஆள் வைக்கிற செலவு அண்ணனுடைய பங்கு. அவர் இப்போது அனுப்புவது வீட்டுச் செலவுக்கு, இது வேறு. பணத்தோடு வருடத்தில் சில வாரம் அவரே நேரில் வந்து அப்பாவோடு இருப்பதும் அவர் பங்குதான். ஆற்றில் தண்ணீர் குறைவாக வரும் வருடம் முறை வைத்துத்தான் வாய்க்காலில் விடுகிறோம். மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் எத்தனை சண்டை போட்டாலும் முறை என்று ஒன்று வந்துவிட்டால் யாருக்கு எந்த நாள் என்பது தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் இன்னும் முறையே வைக்கவில்லை.

அடுத்தது அப்பா. உங்கள் கடிதத்தில் அப்பாவுக்கு என்ன நோய் என்பது இருக்கிறது, அவருக்கு என்ன ஆசை என்பது எங்குமே இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைக் கவனிக்கிற இடம் மூளையின் இடது பக்கம், வலது கை காலை ஆட்டுவிப்பதும் இடது பக்கம்தான். அதனால்தான் இரண்டும் சேர்ந்து போயின. பேச்சு போனதால் யோசனை போய்விட்டது என்று அர்த்தமில்லை. இப்படிப்பட்டவர்களில் சிலர் ஒரு வாக்கியம் பேச முடியாமல் தவிப்பார்கள், பழகிய பாட்டையோ தேவாரத்தையோ எடுத்துக்கொடுத்தால் கூடவே பாடிவிடுவார்கள். கை காலுக்கு முதல் சில மாதங்களில் வருகிற முன்னேற்றம்தான் அதிகம். பேச்சு வருடங்கள் கழித்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் இதுவரை காட்டவில்லை என்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

அவரிடம் எப்படிக் கேட்பது? ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று பதில் வருகிற மாதிரி சின்னச் சின்னக் கேள்வியாகக் கேளுங்கள், தலையாட்டலோ கட்டைவிரலோ போதும். ஒரு எச்சரிக்கை: பக்கவாதத்துக்குப் பிறகு ஆமாமும் இல்லையும் மாறிப்போவது உண்டு. அதனால் முதலில் தெரிந்த விஷயத்தில் சோதித்துப் பாருங்கள். “இது நம்ம வீடா?” “இது மன்னார்குடியா?” என்று கேளுங்கள், அதையே திருப்பிப் போட்டும் கேளுங்கள். சரியாக வருகிறது என்றால் முக்கியமான கேள்விகளுக்குப் போகலாம். காலை நேரம் நல்லது, களைத்த சாயங்காலம் வேண்டாம். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள். “உனக்காக நான் இங்கேயே இருக்கணும்னு நினைக்கிறியாப்பா?” என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பும் அதில் சேர்ந்துகொள்ளலாம். நீங்கள் அழுவது பக்கத்து அறையில் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறீர்களா? எனக்கு நம்பிக்கையில்லை.

காதல் விஷயத்தைச் சொன்னால் அதிர்ச்சியில் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்று டாக்டரிடம் பார்த்துக்கொண்டு, ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாமல் சொல்லலாம். அவர் வேண்டாம் என்று தலையாட்டலாம், கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அதற்கும் தயாராக இருங்கள். வாய்விட்டு வந்த மறுப்போடு பேசிப் பார்க்கலாம். நீங்களாகக் கற்பனை செய்துகொண்ட மறுப்போடு பேச முடியாது, மூன்று வருடமாக அதுதான் நடந்திருக்கிறது.

ஆனால் முதலில் அப்பாவிடம் சொல்லாதீர்கள், அண்ணனிடம் சொல்லுங்கள். சாதி மாறிக் கல்யாணம் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் ஏன் என்று தெரியும். உங்கள் சொந்தத்தில் கை ஓங்குகிறவர், ஆள் சேர்க்கிறவர் யாராவது இருக்கிறார்களா என்று உங்களுக்குத்தான் தெரியும். இருந்தால் ஊருக்குள் ஒருவரிடமும் பேச்சு எடுக்காதீர்கள். சான்றிதழ்கள், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் உங்கள் கைவசம் இருக்கட்டும், சென்னையில் நம்பகமான ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்கட்டும். வயது வந்த இருவர் சம்மதித்தால் குடும்பத்தின் சம்மதமோ ஊரின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, மிரட்டலுக்கு ஆளாகும் ஜோடிகளுக்குக் காவல்துறை பாதுகாப்புத் தரவேண்டும் என்றும் உத்தரவிட்டிருக்கிறது. பெண்களுக்கான 181 உதவி எண்ணும் இருக்கிறது. அப்படி யாரும் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், நாலு மாதம் பேசமாட்டார்கள், அவ்வளவுதான் என்றால் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய கஷ்டம்.

சட்டத்தில் ஒரு நுணுக்கம், பலரும் கவனிக்காதது. சென்னையில் ஓசைப்படாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஊருக்கு அப்புறம் சொல்லலாம் என்று ஒரு யோசனை உங்களுக்கோ அவருக்கோ வந்திருக்கலாம். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. உங்கள் நிரந்தர முகவரி திருவாரூர் மாவட்டம் என்றால் அந்த அறிவிப்பின் நகல் அந்த மாவட்ட அலுவலகத்துக்கும் போய் அங்கேயும் ஒட்டப்படும். அதாவது நீங்கள் சொல்வதற்கு முன்னால் அறிவிப்புப் பலகை சொல்லிவிடும். இருவரும் இந்துக்கள் என்றால் இந்துத் திருமணச் சட்டத்தில் 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணப் பிரிவு இருக்கிறது, அதற்கு இந்த அறிவிப்பு வேண்டாம். எதுவானாலும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சென்னையில் இருக்கிறவர் கேட்டது மிக நியாயமான கேள்வி. கல்யாணத் தேதி கேட்கவில்லை, எதற்காகக் காத்திருக்கிறேன் என்றுதான் கேட்டார். இந்தக் கடிதத்தை எனக்கு எழுதியதை அவருக்குச் சொல்லியிருக்கிறீர்களா? பொங்கலுக்குள் அண்ணனிடம் பேசிவிடுவேன், அதற்குப் பிறகு அப்பாவிடம், சித்திரைக்குள் பதில் சொல்வேன் என்று சொல்லுங்கள். அதற்கப்புறம் அவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: நீ இங்கே வரமுடியுமா? கல்யாணம் என்றால் பெண்தான் கிளம்பிப் போகவேண்டும் என்று நீங்களும் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அவர் வேலை என்ன என்று எழுதவில்லை. உங்கள் வேலையே வீட்டிலிருந்து நடக்கிறது. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு வாடகை வீடு எடுத்தால் அப்பாவுக்கு மருத்துவமனை பக்கம், உங்களுக்கு அக்கம்பக்கத்துக் கண்கள் கொஞ்சம் குறையும், ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் எழும்பூர். அப்பாவைச் சென்னைக்கு அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப்போவதை மட்டும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து நடக்க முடியாத, பேச முடியாத ஒருவருக்கு ஜன்னல் வழியாகத் தெரிகிற பழகின முகங்கள் சின்ன விஷயமில்லை.

இதெல்லாம் முடிகிறவரை வாரத்தில் ஒரு அரை நாள் உங்களுக்கு வேண்டும். அப்பாவோடு யாராவது நாலு மணி நேரம் இருக்கட்டும், சம்பளத்துக்கு ஆள் என்றாலும் சரி. பஸ் ஏறி மன்னார்குடிக்குப் போய் ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், போனில் சென்னையில் இருப்பவரோடு சத்தமாகப் பேசுங்கள், அங்கே உங்கள் குரலை யாரும் காது கொடுத்துக் கேட்கப்போவதில்லை. ஊரிலும் ஒருவரை யோசித்துப் பாருங்கள். அம்மாவின் தோழி, பழைய டீச்சர், வாயைத் திறக்காத ஒரு சித்தி. உங்கள் கதை முழுக்கத் தெரிந்த ஒரே ஒருவர் அந்தத் தெருவில் இருந்தால் தெருவே வேறு மாதிரி தெரியும். ஆனால் இது அண்ணனுக்குப் பிறகு, அண்ணனைப் பொறுத்து.

அண்ணனிடம் பொங்கலன்று விருந்துக்கு நடுவில் பேச வேண்டாம். முன்கூட்டியே எழுதிவிடுங்கள், இப்படி: “அண்ணா, நீ பொங்கலுக்கு வரும்போது ரெண்டு நாள் லீவு கூடப் போட்டுக்கிட்டு வா. அப்பாவ இனி எப்படிப் பார்த்துக்கறதுன்னு நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசணும். என்னால தனியா முடியல. என் கல்யாணம் பத்தியும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.” இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் கேட்கவேண்டாம். அவர் உடனே போன் செய்து என்ன விஷயம் என்று கேட்பார். நேரில் பேசுகிறேன் என்பது போதும், மனம் வந்தால் அப்போதே சொல்லிவிடலாம். இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். பொங்கல் நெருங்க நெருங்கத் திருச்சி விமான டிக்கெட் ஏறிக்கொண்டே போகும், அப்புறம் ‘லீவு கிடைக்கல’ என்பதோடு அந்தக் காரணமும் சேர்ந்துகொள்ளும்.